சுதந்திராக் கட்சியும் அதன் உள்வேற்றுமைகளும்

ஒன்றை எதிர்ப்பதற்காகப் பலர் கூடுவது எளிது. எதிர்த்தபின் எதைக் கட்டுவது என்பதில் ஒன்றுபடுவதே அரிது. இவ்வுண்மைக்குச் சுதந்திராக் கட்சியின் வரலாறு தக்க சான்றாகும்.

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, கூட்டுப் பண்ணை விவசாயத்தை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்னும் அச்சம் நிலவுடைமையாளரிடையே எழுந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் சென்னையில் புதிய கட்சி தோன்றிற்று. அரசின் கட்டுப்பாடுகளை 'பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று சாடிய ராஜாஜி அதன் மூலபுருஷர். என். ஜி. ரங்கா தலைவரானார், மினு மசானியும் கே. எம். முன்ஷியும் துணை நின்றனர்.

இவர்கள் எதிர்த்தது ஒன்று, விரும்பியது ஒன்றா? ராஜாஜி விரும்பியது தர்மத்துக்குக் கட்டுப்பட்ட சுதந்திரம். செல்வர் தம் செல்வத்துக்குத் தர்மகர்த்தாக்களாக விளங்கவேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து அவருக்கு உவப்பானது. மசானியோ, 1934-ல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியை நிறுவியவருள் ஒருவராயிருந்து, பின்னர் அக்கொள்கையைத் துறந்தவர். அவர் நாடியது சமயச் சார்பற்ற, நவீனத் தொழில் சமுதாயம். ரங்காவுக்கு உழவனின் நிலவுரிமையே உயிர்நாடி. ராஜஸ்தானத்திலும் ஒரிஸாவிலும் வாக்குகளைச் சேர்த்துத் தந்தது பழைய அரச குடும்பங்களின் செல்வாக்கு.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு மற்றொரு வேற்றுமையும் எளிதில் விளங்கும். 1949-ல் இந்தியை ஆட்சிமொழியாக்கிய சமரசத் திட்டம், முன்ஷி, கோபாலசுவாமி ஐயங்கார் ஆகிய இருவர் பெயரால் வழங்குவது. அந்த முன்ஷியும், ஆங்கிலம் நீடிக்கவேண்டும் என்று வாதாடிய ராஜாஜியும் ஒரே கட்சியில் அமர்ந்திருந்தனர்!

இவ்வேற்றுமைகளைக் கட்சி மறைக்கவில்லை. அடிப்படைக் கொள்கைகளுக்குப் புறம்பான விஷயங்களில் உறுப்பினர் தத்தம் கருத்துப்படி நடக்கலாம் என்று விதித்தது. மாற்றுக் கருத்தைத் துரோகமாகக் கருதாத அப்பெருந்தன்மையை நாம் போற்றவே வேண்டும். 1962-ல் மக்களவையில் 18 இடங்களைப் பெற்ற கட்சி, 1967-ல் 44 இடங்களுடன் மிகப் பெரிய எதிர்க்கட்சியாயிற்று.

ஆயினும் சோதனைக் காலம் வந்தது. 1970-ல் மன்னர் மானியத்தை ஒழிக்க அரசு முனைந்தபோது, கொடுத்த வாக்கைக் காப்பது அறம் என்று கட்சி வாதித்தது. அவ்வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், கட்சியில் மன்னர்களே முன்வரிசையில் இருந்தமையால், உழவருக்காகவும் சிறு வணிகருக்காகவும் அது பேசிய பேச்சு எடுபடவில்லை. வறுமையை ஒழிப்போம் என்ற முழக்கத்துடன் இந்திரா காந்தி வென்ற 1971 தேர்தலில், கட்சிக்குக் கிடைத்தவை 8 இடங்களே. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தார். 1974-ல் கட்சி பாரதிய லோக தளத்தில் கலந்தது.

கருத்து வேற்றுமை இருந்ததனால் அக்கட்சி நலிந்தது என்று கூறுவது பொருந்தாது. வேற்றுமையைப் பேசித் தீர்க்காமல் ஒதுக்கி வைத்ததே அதன் குறை. 1991-க்குப்பின் லைசென்ஸ் முறை பெரிதும் தளர்ந்தபோது, அதனை எதிர்த்த கட்சி உயிரோடு இல்லை.

எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் நாம் வாக்காளர்கள். நம் வாக்கை நாடிவரும் கட்சியிடம், "நீங்கள் எதை எதிர்க்கிறீர்கள்?" என்று கேட்பதோடு நில்லாமல், "எதைச் செய்ய உங்களுள் உடன்பட்டிருக்கிறீர்கள்?" என்றும் கேட்போமாக.