மையவாடிப் புத்தகமும் நகராட்சிப் பதிவேடும்

(கம்பம் பள்ளத்தாக்கு மஹல்லாக்களின் முத்தவல்லிகள், இமாம்கள், நிர்வாகிகள் கலந்துகொண்ட கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அஸர் முடித்து உட்கார்ந்திருக்கிறோம், மஃரிபுக்குள் முடித்துவிட வேண்டும். ஆகையால் வரவேற்பு, பொன்னாடை எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

எங்கள் டிரஸ்ட் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறோம். கூடலூர் பக்கத்திலிருந்து ஒரு தாய் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கங்காணி வேலை பார்த்தவர். உடம்புக்கு முடியாமல் ஊருக்கு வந்து, ஒரு வியாழன் இரவு வீட்டிலேயே மௌத்தாகிவிட்டார். மறுநாள் ஜும்ஆவுக்கு முன்பே அடக்கம் முடிந்தது. கஃபன் துணியும் பந்தலும் நம்முடைய டிரஸ்ட் செலவு. அரிசி, பருப்பு, கைச்செலவுக்குப் பணம் எல்லாம் கொடுத்தோம். எல்லாம் செய்துவிட்ட திருப்தியோடு வந்துவிட்டோம். இரண்டு வருஷம் கழித்து அந்தத் தாய் வந்து, "விதவை பென்ஷனுக்கு எழுதிப் போடப் போனேன், அவரு இறந்ததுக்குச் சான்று கேக்குறாங்க பாய், எங்க வாங்குறது?" என்று கேட்டார். அந்த மரணம் எந்த அலுவலகத்திலும் பதிவாகவே இல்லை.

மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகை. இரண்டு வருஷத்துக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்காத காலத்துக்குப் பின்தேதியிட்டு யாரும் தர மாட்டார்கள். நாம் கொடுத்த அரிசி மூட்டையையும் அந்தத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

சரி, நம்முடைய மையவாடிப் புத்தகத்தில் இருக்குமே என்று போய்த் தேடினோம். இருந்தது. "ரபீயுல் ஆகிர் பிறை 14, ஏலக்கா பாய்" என்று பென்சிலில் எழுதியிருந்தது. ஹிஜ்ரி ஆண்டு இல்லை. ஆங்கிலத் தேதி இல்லை. அவருடைய சொந்தப் பெயர் இல்லை, அத்தா பெயர் இல்லை, வீட்டு எண் இல்லை. எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு ஏலக்கா பாய் யாரென்று தெரியும், கபுர் எந்த வரிசையில் இருக்கிறது என்றும் தெரியும். அந்தப் புத்தகம் ஊருக்குள் நமக்காக எழுதப்பட்டது. வெளியே ஒரு அதிகாரி அதைக் கேட்கும் நாள் வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ஆம் ஆண்டுச் சட்டம். பிறப்பானாலும் இறப்பானாலும் 21 நாளைக்குள் தெரிவித்துவிட்டால் கட்டணம் கிடையாது, சான்றின் முதல் பிரதியும் இலவசம். 21 தாண்டி 30 நாளைக்குள் என்றால் தாமதக் கட்டணத்தோடு முடியும். 30 நாள் தாண்டி ஒரு வருஷத்துக்குள் என்றால் மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் விசாரித்து உத்தரவு போட வேண்டும். நமக்கு அது உத்தமபாளையம். சாட்சி, பிரமாண வாக்குமூலம், பதிவில் இல்லை என்பதற்குச் சான்று என்று எத்தனை நடை! கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண் எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு அங்கே நிற்க முடியும்?

21 நாள் போதாதா என்று கேட்கலாம். நம் வீடுகளில் அந்த 21 நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். முதல் மூன்று நாள் ஆட்கள் வருவதும் போவதும். அதன் பிறகு கணவனை இழந்தவர் இத்தாவில் இருக்கிறார், நான்கு மாதம் பத்து நாள். அவர் அலுவலகம் போகப்போவதில்லை. கொழுந்தனார் போவார் என்று மச்சான் நினைக்கிறார், மச்சான் போவார் என்று கொழுந்தனார் நினைக்கிறார். மகன் சவூதியிலிருந்து வந்தவன் பத்து நாள் லீவில் திரும்பிவிடுகிறான். இத்தா முடிந்து அந்தப் பெண் வெளியே வரும்போது நான்கு மாதம் கடந்துவிட்டது. இத்தாவின் மஸாயிலை ஹஸ்ரத்மார்கள் சொல்வார்கள், அதில் நாங்கள் தலையிடவில்லை. வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவினர் எவர் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம். அந்த அம்மாவே போக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இதைச் சொல்வதற்கு நாம் யாரும் அந்த வீட்டுக்குப் போகவில்லை என்பதுதான் குறை.

இன்னொன்று, இங்கே இருக்கும் முத்தவல்லிமார்கள் கவனமாகக் கேட்க வேண்டியது. அதே சட்டத்தின் 10-ஆவது பிரிவைப் படித்துப் பார்த்தோம். அடக்க ஸ்தலத்தின் உரிமையாளர் அல்லது பொறுப்பாளர் அங்கே வரும் மரணத்தைப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. மையவாடி யாருடையது? ஜமாஅத்துடையது. ஆக, குடும்பத்தின் வேலை என்று நாம் இத்தனை நாள் ஒதுக்கி வைத்தது நம்முடைய கடமையும்தான். தவறினால் அபராதமும் உண்டு. தொகை பெரிதல்ல, அதைக் காட்டிப் பயமுறுத்த இங்கே வரவில்லை. முப்பது வருஷமாக ஜமாஅத் காரியங்களில் இருக்கிறோம், இது எங்களுக்கே தெரியாது என்பதைச் சொல்லிக்கொள்ளத்தான் வந்தோம்.

நிக்காஹ் தஃப்தரைப் பாருங்கள். எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! பெயர், வயது, மஹர், வக்கீல், இரண்டு சாட்சி, கையெழுத்து. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பக்கத்தைப் புரட்டினாலும் படிக்க முடிகிறது. 2009-இல் தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டம் வந்து, எந்த மதத்தாராக இருந்தாலும் 90 நாளைக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்றானது. அதன் பிறகு நம் தஃப்தரில் ஆதார் எண், பிறந்த தேதி எல்லாம் சேர்த்துக்கொண்டோம். அதே ஜமாஅத்துதான் மையவாடிப் புத்தகத்தையும் வைத்திருக்கிறது. அதற்கு மட்டும் ஏன் பென்சில்? கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம் என்று மக்தபில் ஓதும் பிள்ளைக்கும் தெரியும்.

மரணத்தில் இன்னொரு சிக்கல் நம் பள்ளத்தாக்குக்கே உரியது. நம் ஆட்கள் பாதிப் பேருக்குப் பிழைப்பு மலைக்கு மேலே. குமுளி, வண்டன்மேடு தோட்டங்களில் மௌத்தானவர்களை ஜீப்பில் லோயர் கேம்ப் வழியாக இறக்கிக் கொண்டுவந்து இங்கே அடக்குகிறோம். பிறகு கம்பம் நகராட்சிக்குப் போய்ச் சான்று கேட்டால் இல்லை என்கிறார்கள். "அலைக்கழிக்கிறார்கள்" என்று கோபத்தோடு வருகிறார்கள். அதில் அலுவலகத்தின் குற்றம் இல்லை. எங்கே உயிர் பிரிந்ததோ அங்கேதான் பதிவு. கபுர் இங்கே இருப்பது கணக்கில் வராது. கேரளத்தில் அந்தந்தப் பஞ்சாயத்து அலுவலகத்தில் பதிய வேண்டும். அடக்கம் முடிந்த பின் யார் திரும்ப மலையேறுவது? ஆகவே உடலை இறக்கும்போதே தோட்டத்து ஆட்களில் ஒருவரிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

பிறப்புக்கும் இதே விதிதான். தலைப்பிரசவம் சிரமமாகி க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோன பிள்ளைகளின் பிறப்பு கம்பத்தில் இருக்காது.

அலுவலகம் எது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. நம் தேனி மாவட்டத்தில் ஆறு நகராட்சி, 22 பேரூராட்சி, 130 கிராம ஊராட்சி. கம்பமும் கூடலூரும் சின்னமனூரும் நகராட்சி. உத்தமபாளையம் தாலுகாவுக்கும் கோட்டத்துக்கும் தலைமை இடமாக இருந்தாலும் அது பேரூராட்சிதான். நகராட்சி என்றால் சுகாதாரப் பிரிவு, கிராமம் என்றால் வி.ஏ.ஓ. இந்த விவரம் தெரியாமல் முதல் நாள் வேலை கெட்டுப்போகிறவர்கள் ஏராளம்.

பிறப்பில் பெயர்ச் சங்கதி தனி. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் இரண்டு மூன்று நாளிலேயே போய்விடுகிறது. நாம் பெயர் வைப்பது ஏழாம் நாள், அகீகா கொடுக்கும்போது. சிலர் நாற்பதில் வைக்கிறார்கள். அதனால் பதிவேட்டில் "ஆண் குழந்தை", "பெண் குழந்தை" என்று மட்டும் ஏறிவிடுகிறது. ஒரு வருஷம் வரை கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், அதன் பின் 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருகிறது. முன்பெல்லாம் தலைமையாசிரியர் சொன்ன தேதியே பிறந்த தேதி. இந்த அரங்கில் இருக்கும் பெரியவர்களில் பலருக்கு ஜூன் மாதத்தில் பிறந்தநாள் வருவதன் ரகசியம் அதுதான்! அந்தக் காலம் போய்விட்டது. 2023 அக்டோபர் 1 முதல் திருத்தச் சட்டம் அமலுக்கு வந்து, அன்றைக்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, பிறந்த இடத்துக்கான ஆதாரமாகப் பிறப்புச் சான்றையே கொள்வது என்றாகிவிட்டது. மாற்றுக் காகிதம் காட்டித் தப்பிக்கலாம் என்று இருந்துவிட முடியாது.

பெயரை எப்படி எழுதுவது என்பதையும் சொல்ல வேண்டும். முகமது, முகம்மது, முஹம்மது, ஒரே வீட்டில் மூன்று விதம். மைதீன், மொய்தீன், முகைதீன். பாத்திமா, ஃபாத்திமா, பாத்திமுத்து. அரபி உச்சரிப்பு சரியாக வர வேண்டும் என்று ஹஸ்ரத் ஒரு மாதிரி எழுதித் தருகிறார், ஆஸ்பத்திரியில் காதில் விழுந்ததை எழுதுகிறார்கள், ரேஷன் கார்டில் வேறொன்று. எது அழகு என்ற விவாதம் வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கூட்டு, தமிழில் ஒன்று என்று தீர்மானித்து, அத்தாவின் ஆதாரில் அவர் பெயர் எப்படி இருக்கிறதோ அதே மாதிரி பிள்ளையின் சான்றிலும் வரச் செய்ய வேண்டும். பின்னால் விசாவுக்காக அலைகிற பையன்கள் எத்தனை பேரை நாம் பார்த்துவிட்டோம்!

கவுன்சிலர்களைப் பற்றியும் கேட்டார்கள். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை நம் நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. அந்த ஐந்து வருஷத்தில்தான் எதற்கெடுத்தாலும் புரோக்கரைப் பிடிக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போனது என்பது எங்கள் கருத்து. இப்போது கம்பத்தில் 33 வார்டுக்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அதற்காகச் சான்றில் பெயர் திருத்த அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டாம், அது அவர் அதிகாரத்தில் இல்லை, பதிவாளரின் வேலை. ஆனால் நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். 2022-இல் அந்த நாளில்தான் நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. பகுதி சபையில் எழுந்து, "எங்கள் பகுதியில் பெயர் சேர்ப்பு முகாம் ஒரு நாள் நடத்துங்கள்" என்று எழுத்தில் கேட்கலாம். நம் தெருவில் அப்படி ஒரு கூட்டம் நடந்தால் சாக்கடை, தெருவிளக்கு பேச நால்வர் வருகிறார்கள், இதைப் பேச ஒருவரும் இல்லை. கிராமங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பில் விடப்பட்டன. ஆனாலும் வி.ஏ.ஓ. மாறவில்லை. கிராமத்தில் பதிவுக்கு அவரிடம் போனால் போதும்.

இனி நாம் செய்யப்போவது. இரட்டைப் பிரதிச் சீட்டுப் புத்தகம் அச்சடித்திருக்கிறோம். மையவாடியில் குழி வெட்டச் சொல்லும்போதே மோதினாரோ பொறுப்பாளரோ அதை நிரப்ப வேண்டும். ஆதாரில் உள்ளபடி பெயர், அத்தா அல்லது கணவர் பெயர், வயது, வீட்டு எண், உயிர் பிரிந்த இடம், நேரம், ஆங்கிலத் தேதி. பிறையும் எழுதுங்கள், அது நம் அடையாளம், பக்கத்தில் ஆங்கிலத் தேதி இருக்கட்டும். பட்டப்பெயரை அடைப்புக்குறிக்குள் போடலாம், இல்லாவிட்டால் நமக்கே ஆள் விளங்காது. ஒரு பிரதி புத்தகத்தில் இருக்கும், மற்றது ஏழு நாளைக்குள் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும். மையத்து வீட்டுக்கு எங்கள் மகளிர் குழுவிலிருந்து இருவர் போய், தகவல் கொடுக்கப்போகும் உறவினர் யார் என்று அங்கேயே பெயர் குறித்துக்கொண்டு வருவார்கள். சான்று கைக்கு வந்த பிறகு வாரிசுச் சான்றுக்கும் உதவித்தொகைக்கும் மனு எழுதித் தருவதும் டிரஸ்டின் பொறுப்பு.

ஒரு முத்தவல்லி பாய் கேட்டார், "ஜனாஸாவைத் தாமதப்படுத்தச் சொல்கிறீர்களா?" என்று. அப்படியில்லை. அடக்கத்தை எப்போதும் போல விரைவாகச் செய்வோம். சீட்டு நிரப்ப ஐந்து நிமிஷம் ஆகும், குழி வெட்ட இரண்டு மணி நேரம் ஆகிறது.

கூடலூர்த் தாயின் விஷயம். அடக்கம் நடந்த வெள்ளிக்கிழமை எது என்பதை, அன்றைக்குப் பந்தல்காரருக்கு நாம் பணம் கொடுத்த ரசீதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். அதில் ஆங்கிலத் தேதி இருந்தது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு விசாரணையில் இருக்கிறது. சாட்சி சொல்ல எங்களில் இருவர் போய் வந்தோம், இன்னொரு முறையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

சீட்டுப் புத்தகங்கள் வாசலில் மேஜை மேல் இருக்கின்றன. மஹல்லாவுக்கு இரண்டு. முத்தவல்லிமார்கள் கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். பழைய மையவாடிப் புத்தகத்தில் கடந்த ஒரு வருஷப் பக்கங்களை நகலெடுத்து அடுத்த வெள்ளிக்குள் அலுவலகத்தில் கொடுத்துவிட்டால், ஒரு வருஷம் தாண்டுவதற்குள் எவற்றைப் பதிய முடியும் என்று பார்த்துவிடலாம். பாங்கு சொல்லப் போகிறார்கள்.