சவரக்கத்திக்கு உகந்த கல்

சவரக்கத்தியின் தரம் அதனைத் தீட்டும் கல்லைப் பொறுத்தது. பெல்ஜியம் நாட்டின் ஆர்டென் மலைப்பகுதியில், வியெல்சாம் என்னும் ஊரையொட்டிக் கிடைக்கும் 'கோட்டிக்யூல்' என்ற இளமஞ்சள் கல் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. அதனுள் செறிந்துள்ள நுண்ணிய கார்னெட் மணிகளே எஃகை அராவுகின்றன. ஏறத்தாழ உருண்டை வடிவின ஆதலால் அவை ஆழக் கீறுவதில்லை.

பழம்பொருட் கடையில் இக்கல்லை எங்ஙனம் அறிவது? நிறத்தை மட்டும் நம்பலாகாது. பக்கவாட்டில் நோக்குங்கள், மஞ்சள் அடுக்கின் அடியில், இயற்கையாகவோ பசையிட்டோ, கருநிறச் சிலேட்டுக்கல் இணைந்திருப்பது வழக்கம். நீர் விட்டு, அதே இனச் சிறுகல்லால் தேய்த்தால் பால் போன்ற குழம்பு எழும். குழம்பு செறிந்திருக்கையில் கல் விரைந்து அராவும். நீர் கூட்டக் கூட்ட மென்மையாகத் தீட்டும்.

இறுதியாக, மேற்பரப்பை நகத்தால் வருடிப் பாருங்கள். எங்கேனும் தட்டினால் வாங்காதீர்கள். வன்மையான ஒரு துகளே அலகின் வாயைச் சிதைத்துவிடும். சிதைந்த வாய் நம் கன்னத்தையன்றோ பதம் பார்க்கும்!