மலைக்கு யார் பெயர்?



சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு கிராம்பியன்ஸ் மலைக்குப் போயிருந்தோம். மெக்கன்சி அருவிப் படிகளில் மூச்சுவாங்க ஏறும்போது, “கிராம்பியன்ஸ் என்றால் என்ன அப்பா?” என்று மகள் கேட்டாள்.

1836இல் இவ்வழி வந்த நில அளவையாளர் தாமஸ் மிட்செல், தன் ஸ்காட்லாந்து மலையின் பெயரை இதற்குச் சூட்டினார். ஜர்ட்வஜாலி, ஜாப் வுரங் மக்களுக்கு இது கரிவெர்ட். விக்டோரியாவின் பாறை ஓவியங்களில் பெரும்பாலானவை இங்கேதான் இருக்கின்றன.

பாரியைக் கொன்று மூவேந்தர் பறம்பைக் கைப்பற்றினார்கள். ஆனாலும் கபிலர் பாடியதால் இன்றும் அது பாரியின் மலைதான். மண் போனாலும் பெயர் மிச்சமிருந்தால் உறவு அறுவதில்லை. ஊரை விட்டு வந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்குக் குறிஞ்சித் திணையைச் சொல்லித்தருகிறோம். அதோடு கரிவெர்ட் என்ற பெயரையும் சொல்லித்தருவோம். அவர்கள் நடந்து வளரும் மலை அதுதான்.