செத்த செல் செத்ததுதானா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

சாப்பாட்டுக்கு முந்திய பேச்சு. சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

"பிறந்த பிறகு மூளையில் புது நரம்புச் செல் உண்டாகாது." விலங்கியல் வகுப்பில் மனப்பாடம் செய்தோமே! நானும் ஆசிரியனாகி அதையே பல வருஷம் சொல்லிக்கொடுத்தேன்.

நம்மோடு படித்த ஒருவனுக்குக் கும்மிடிப்பூண்டியில் வேலை. 2009-ல் நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. வலது கை விளங்காமல் போயிற்று. ஆறு மாதம் கழித்து அவன் மனைவி கேட்டார்: "அண்ணே, நீங்க படிச்சவரு. இனிமே தேறுமா?" நான் பாடத்தை ஒப்பித்தேன்: "செத்த செல் செத்ததுதாம்மா." அதோடு பிசியோதெரபிக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள்.

1962-லேயே ஜோசப் ஆல்ட்மன் வளர்ந்த எலியின் மூளையில் புது நியூரான்களைக் கண்டார். வெகுகாலம் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1998-ல் எரிக்சன், கேஜ் குழுவினர் மனித மூளையிலேயே, ஞாபகத்துக்கு வேண்டிய ஹிப்போகாம்பஸ் பகுதியில், கண்டார்கள். 2018-ல் ஒரு குழு 'இல்லை' என்றது, இன்னொரு குழு 'உண்டு' என்றது. சண்டை இன்னும் ஓயவில்லை.

சரி, அடிபட்ட இடத்தில்? 2002-ல் ஸ்வீடனின் லுண்ட் நகர ஆய்வாளர்கள் எலிக்குப் பக்கவாதம் உண்டாக்கிப் பார்த்தார்கள். புதுச் செல்கள் சேதமான இடத்துக்கே நகர்ந்து போயின! ஆனால் பெரும்பாலானவை சில வாரத்தில் மடிந்தன. இழந்ததில் ஈடானது சுமார் 0.2 சதவீதம். ஆகவே, 'மூளைச் செல் வளரும்' என்று டானிக் விற்கிறவனிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

என் பாடம் முழுத் தப்பில்லை. அதை வைத்து நான் சொன்ன தீர்ப்புதான் தப்பு. கை தேறுவது பெரும்பாலும் புதுச் செல்லால் அல்ல. பிழைத்திருக்கும் செல்கள் புது இணைப்புப் போடுவதால். நம்ம ஊர்க்காரர்கள் அவசரத்துக்கு ஓடுகிறோமே, அந்த ஸ்டான்லியில் மருத்துவம் படித்தவர் வி.எஸ். ராமச்சந்திரன். கை இழந்தவரின் கன்னத்தைத் தொட்டபோது, இல்லாத விரலில் தொட்டதுபோல் அவருக்குத் தெரிந்ததை 1990-களில் அமெரிக்காவில் கண்டு எழுதினார். மூளையில் கைக்குரிய இடம் சும்மா கிடக்கவில்லை. பக்கத்து முகப்பகுதி அங்கே குடிவந்துவிட்டது என்பது அவர் விளக்கம். இந்த மாற்றத்தை நல்லதுக்குத் திருப்பத்தான் பயிற்சி. முதல் சில மாதங்களில் பலன் அதிகம். அந்த மாதங்களைத்தான் என் வாய் தின்றுவிட்டது.

போன வருஷம் நானே கூட்டிப்போய் மறுபடி பயிற்சி ஆரம்பித்தோம். டம்ளரைப் பிடிக்கிறான்; சட்டைப் பொத்தான் இன்னும் வரவில்லை. இதோ, மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். இலை போட்டதும் அவன் பக்கத்து இடம் எனக்கு.