பூசண வைக்கோலும் உழவர் நுரையீரல் நோயும்
(கம்மாபுரத்தில் உழவர்களிடையே நிகழ்த்திய உரை)



நம் வட்டாரத்தில் சம்பா அறுவடை தை, மாசி மாதங்களில் நடக்கிறது. இயந்திரம் அறுத்துப் போட்ட வைக்கோல் வயலிலேயே பனியில் நனைகிறது. எதிர்பாராத மழை ஒன்று பெய்துவிட்டால் சொல்லவே வேண்டாம். காயும்வரை காத்திருக்க ஆளும் இல்லை, நாளும் இல்லை. பாதி ஈரத்தோடு சுருட்டிக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து போர் போட்டுவிடுகிறோம். சில மாதங்கள் கழித்துப் போரைப் பிடுங்கும்போது உள்ளே சாம்பல் பூத்தாற்போல் வெண்தூசு கிளம்புகிறது. மாடு அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். மாடு ஒதுக்கிய அந்த வைக்கோலைத்தான் நாம் உதறி உதறி மூச்சில் இழுக்கிறோம்.

அப்படி ஒரு நாள் காலையில் போர் பிடுங்கியவரை எண்ணிப் பாருங்கள். வேலை செய்யும்போது அவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து, மாலையிலோ இரவிலோ, குளிர் எடுத்துக் காய்ச்சல் அடிக்கிறது. உடம்பு வலிக்கிறது, வறட்டு இருமல் வருகிறது, நெஞ்சு இறுக்கி மூச்சு வாங்குகிறது. ஒன்றிரண்டு நாளில் தானாகவே தணிந்துவிடுகிறது. "பனிக் காய்ச்சல்" என்று சொல்லி ஒரு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். அடுத்த வாரம் மறுபடியும் போரைப் பிடுங்குகிறார், மறுபடியும் காய்ச்சல். காலையில் செய்த வேலையையும் இரவில் வந்த காய்ச்சலையும் அவர் சேர்த்துப் பார்ப்பதில்லை. இந்த நோய் பல ஆண்டுகள் மறைந்து வளர்வதற்கு அந்த இடைவெளியே காரணம்.

இதற்கு உழவர் நுரையீரல் நோய் என்று பெயர். ஈரத்தோடு அடைத்த வைக்கோல் தானே சூடாகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஈரம் 30 சதவீதத்துக்கு மேல் இருந்தால் போரின் உள்ளே வெப்பம் 50, 60 டிகிரி வரைகூட ஏறும். அந்தச் சூட்டில் மற்ற நுண்ணுயிர்கள் மடிய, வெப்பத்தை விரும்பும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற வகை மட்டும் கொழுக்கும். இவற்றின் வித்துகள் மிக நுண்ணியவை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். மூக்கில் உள்ள மயிரும் சளியும் அவற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய் இறங்கிவிடும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த வித்துகள் நுரையீரலில் முளைத்து வளர்வதில்லை. இது தொற்றுநோய் அன்று, வீட்டில் மற்றவருக்கு ஒட்டாது. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றலே வந்த தூசைப் பகைவன் என்று கருதி அளவு மீறிப் போரிடுவதால் நுரையீரல் புண்படுகிறது. ஒரே போரைப் பத்துப் பேர் பிடுங்கினாலும் எல்லோருக்கும் வருவதில்லை, சிலருக்குத்தான் வருகிறது. "அவனுக்கு ஒன்றும் இல்லையே, உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்பது அந்த ஒருவரைச் சோம்பேறி ஆக்குவதாகும்.

தானியத் தூசினால் வரும் தொல்லை புதியதும் அன்று. தானியம் சலிப்போரும் அளப்போரும் தூசினால் படும் துன்பத்தை இத்தாலிய மருத்துவர் ராமஸினி 1700ஆம் ஆண்டில் வெளியான தம் நூலிலேயே எழுதினார். பூசணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்ட உழவர்களின் நோயை இங்கிலாந்தில் கேம்பெல் என்னும் மருத்துவர் 1932இல் விவரித்தார். அதற்குக் காரணம் இந்த வெப்ப விரும்பி நுண்ணுயிர்களே என்பது 1963இல் பெப்பிஸ் என்பாரும் அவர் குழுவினரும் செய்த ஆய்வில் வெளிப்பட்டது.

கரும்பு விவசாயிகள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. கரும்புச் சக்கையைக் கட்டுக்கட்டாகச் சேமித்து, பின்பு பிரித்து வேலை செய்தவர்களுக்கு இதே நோய் வந்ததை அமெரிக்காவின் லூசியானா மாநில மருத்துவர்கள் 1941இல் வெளியிட்டார்கள். சக்கை நோய் என்று பெயர். நம் நாட்டிலும் பின்னர் இது அறியப்பட்டது. அன்று பிழிந்த புதுச் சக்கை இந்த நோயைத் தருவதில்லை. மாதக்கணக்கில் கிடந்து பூத்த சக்கைதான் தருகிறது. லூசியானாவில் பின்னாளில் சக்கையைக் கட்டி வைப்பதை விட்டு, நீர் தெளித்து ஈரமாகவே குவித்து வைக்கும் முறைக்கு மாறினார்கள். நோய் அங்கே பெரிதும் அருகிப்போனது. புதிய மருந்து ஒன்றும் அதைச் சாதிக்கவில்லை, சேமிக்கும் முறையை மாற்றியதுதான் சாதித்தது. வெல்லம் காய்ச்சுவோர் பழைய சக்கைக் குவியலைக் கிளறும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

இந்தியாவில் நுரையீரல் திசு தடிக்கும் நோய்களைப் பற்றி 19 நகரங்களில் 27 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய பதிவேட்டின் முடிவுகள் 2017இல் வெளிவந்தன. 1,084 நோயாளிகளில் 47 சதவீதத்தினருக்கு இருந்தது இந்த ஒவ்வாமை வகைதான். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர்கூலரைப் பயன்படுத்தியவர்கள். கூலரின் நனைந்த தட்டியிலும் தேங்கிய நீரிலும் பூசணம் வளர்கிறது. புறாவின் எச்சமும் இறகுத் தூசும் இதே நோயைத் தரும். சிப்பிக் காளான் குடில் வைத்திருப்போரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குடை முழுதும் விரிந்து வித்து உதிர்க்கும் முன்பே பறித்துவிடுங்கள். விலைக்கும் அதுவே நல்லது.

நோய் முற்றினால் என்ன ஆகும்? தூசு தொடர்ந்து உள்ளே போகப் போக, காய்ச்சல் வருவது குறைந்துகூடப் போகலாம். பழகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். பஞ்சுபோல் இருந்த நுரையீரல் மெல்ல மெல்லத் தழும்பேறித் தோல்போல் இறுகுகிறது. முதலில் வரப்பில் மூட்டை சுமக்கும்போது மூச்சு வாங்கும். பின் வெறுங்கையோடு நடந்தாலே வாங்கும். எடை குறையும், சிலருக்கு விரல் நுனி பருத்து நகம் வளையும். தழும்பு ஏறாத நிலையில் தூசை விட்டு விலகியவர்களில் பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். தழும்பேறிய பகுதி பழைய நிலைக்குத் திரும்பாது. அந்த நிலையில் ஆயுளும் குறைகிறது. எந்தத் தூசினால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் போனவர்களின் நிலை, கண்டுபிடித்து விலகியவர்களின் நிலையைவிட மோசமாக இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. நான் இவ்வளவு தூரம் வந்து வைக்கோலைப் பற்றிப் பேசுவது அதனால்தான்.

நம் ஊர்களில் இருமலும் இளைப்பும் கண்டால் காசநோய் என்ற எண்ணம்தான் முதலில் வருகிறது. அது தவறில்லை, சளிப் பரிசோதனை கட்டாயம் செய்ய வேண்டும், காசநோய் என்று உறுதியானால் மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. ஆனால் சளியில் கிருமி இல்லை, மாதக்கணக்கில் மருந்து தின்றும் இளைப்பு போகவில்லை என்றால், உங்கள் தொழிலைப் பற்றி மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். பீங்கான் வேலைக்கு விருத்தாசலம் போய்வருகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். களிமண், கல்மாவுத் தூசினால் வரும் சிலிகோசிஸ் வேறு நோய்; இரண்டுக்கும் மருத்துவம் ஒன்றன்று.

எந்த நாள் எந்த வேலை செய்தீர்கள், எத்தனை மணி நேரம் கழித்துக் காய்ச்சல் வந்தது, வெளியூரில் நாலு நாள் தங்கியபோது இளைப்பு குறைந்ததா என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. மூச்சளவுச் சோதனை, நெஞ்சுக்கு நுண் சி.டி. படம் ஆகியவை தேவைப்படும். அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போகலாம். பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையை மருத்துவர் சில காலம் கொடுப்பதுண்டு. உடனே சுகம் தெரியும் என்பதால் அதைக் கடையில் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். சர்க்கரை ஏறும், உள்ளே பதுங்கிய காசநோய் கிளம்பும். மாத்திரையும் தின்று, பூசணப் போரையும் பிடுங்கிக்கொண்டிருந்தால் பயன் இல்லை. தழும்பு பரவுவதை மெதுவாக்க நின்டெடானிப் என்னும் மருந்து இப்போது உண்டு. அது மெதுவாக்குமே தவிர, ஏறிய தழும்பை அழிக்காது.

இனி போருக்கு வருவோம். வைக்கோலைத் திருப்பிப் போட்டு, முறுக்கினால் மொறுமொறுவென்று ஒடியும்வரை காயவிட்டு அடையுங்கள். மேட்டில், கல்லோ பனைமரத்துண்டோ பரப்பி அதன்மேல் போர் போடுங்கள். முகட்டைச் சரிவாக வேயுங்கள். போட்ட முதல் இரண்டு வாரம் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி வைத்து அவ்வப்போது உருவித் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் பிரித்து ஆற்ற வேண்டும். காயவைக்க வழியே இல்லை என்றால் யூரியா ஊட்டலாம். 100 கிலோ உலர் வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 65 லிட்டர் நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைப்பது வழக்கம். வைக்கோல் ஏற்கெனவே நனைந்திருந்தால் அதற்கேற்ப நீரைக் குறையுங்கள். உண்டாகும் அம்மோனியா பூசணத்தை அடக்கும். தீவனத்தின் சத்தும் கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு அதைப் போடக் கூடாது.

பூசணம் பிடித்ததைக் கையாண்டே தீர வேண்டுமானால், முதலில் நீர் தெளித்து நனையுங்கள். காற்று முதுகுப்புறம் வரும்படி நில்லுங்கள். மூடிய கொட்டகைக்குள் உதறாதீர்கள். தலைத் துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வது இந்த நுண்தூசைத் தடுக்காது. கொரோனா காலத்தில் நாம் அறிந்த என்-95 முகக்கவசம் ஓரளவு தடுக்கும், அதுவும் முகத்தோடு ஒட்டி இருந்தால். ஒருமுறை இந்த நோய் கண்டவர் கவசத்தை நம்பி அந்த வேலைக்குப் போகவே வேண்டாம். போர் பிடுங்குவதை வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்ளட்டும். அவர் ஏர் ஓட்டட்டும், மடை திருப்பட்டும்.

உங்களில் யாருக்காவது வைக்கோல் வேலை செய்த இரவில் குளிர்காய்ச்சல் வந்த அனுபவம் இருந்தால் தயங்காமல் எழுந்து சொல்லுங்கள். மற்ற ஐயங்களையும் கேளுங்கள், நேரம் இருக்கிறது.