வட்டத்தில் கருமையாக்கிய பாகங்கள்

(ஜார்ஜ் டவுன் நகரில் தோட்டப்புறப் பெற்றோர்களிடையே நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பிள்ளைகளின் கணித நூலில் காணப்படும் ஒரு சிறிய வட்டம். அது நான்காகவோ எட்டாகவோ பகுக்கப்பட்டிருக்கும். சில பாகங்கள் கருமையாக்கப்பட்டிருக்கும். 'கருமையாக்கிய பாகத்தைக் குறிக்கும் பின்னம் யாது?' என்று கீழே வினவப்பட்டிருக்கும். இதற்கும் ஓர் உரை வேண்டுமோ எனச் சிலர் எண்ணக்கூடும். தசமம், விழுக்காடு, விகிதம் ஆகிய யாவும் இவ்வட்டத்தின் மீதே எழுப்பப்படுகின்றன. இங்கே தடுமாறிய பிள்ளையை எவரும் கவனிப்பதில்லை. அது மதிப்பெண்ணை எப்படியோ பெற்று மேல்வகுப்புக்குச் சென்றுவிடும். ஐந்தாம் ஆண்டிலோ ஆறாம் ஆண்டிலோ, "எனக்குக் கணக்கு வராது" என்று அதுவே தன்னைப் பற்றித் தீர்ப்புக் கூறிவிடும்.

இப்பொருளைப் பேசப் பினாங்கு பொருத்தமான இடமே. 1816ஆம் ஆண்டில் இங்கு நிறுவப்பட்ட பினாங்கு ஃப்ரீ ஸ்கூலின் தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொண்டு, 2016இல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். தென்கிழக்காசிய நாடுகளின் அறிவியல், கணித ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கும் ரெக்சாம் நிலையமும் 1967 முதல் இத்தீவிலேயே இயங்கி வருகிறது.

பிழை எங்கே நேர்கிறது? வட்டம் நான்கு பாகம், ஒன்று கருமை. பிள்ளை கருமையை எண்ணுகிறது: ஒன்று. பின்னர் வெண்மையை எண்ணுகிறது: மூன்று. 'மூன்றில் ஒன்று' என எழுதிவிடுகிறது. எண்ணியதில் தவறில்லை, எதை எண்ணவேண்டும் என்பதிலேயே தவறு. கோட்டிற்குக் கீழே வரும் பகுதி எண், முழு வட்டத்தில் எத்தனை பாகம் என்பதைச் சொல்லவேண்டும். கருமையாக்கிய பாகமும் அம்முழுமையில் அடக்கம். பிள்ளையின் கண்ணோ, கருமையை எடுத்து வைத்துவிட்டு எஞ்சியதைத்தான் பார்க்கிறது. இதனை அறிவுக் குறைவென்று கடிந்துகொள்ளல் ஆகாது. ரொட்டியில் ஒரு துண்டைத் தின்றபின் தட்டில் இருப்பதைத்தானே நாமும் எண்ணுகிறோம்!

இரண்டாவது பிழை, பாகங்கள் சமமா என்று பாராமை. வட்டத்தின் குறுக்கே நெட்டுக்கு இரு கோடுகள் இழுத்தால் மூன்று பாகம் கிடைக்கும். கோடுகளுக்கிடையே இடைவெளி சமமாக இருப்பினும், நடுப்பாகம் ஓரத்துப் பாகங்களைவிடப் பெரியது. அதைக் கருமையாக்கி 'மூன்றில் ஒன்று' என்றால் பொய்யாகும். கருமையான பாகங்கள் அடுத்தடுத்து இல்லாமல் சிதறிக் கிடந்தால் எண்ணத் தயங்கும் பிள்ளைகளும் உண்டு. எட்டில் மூன்று, எங்கே கிடந்தாலும் எட்டில் மூன்றுதான்.

தோழர்களே, இக்கணக்கு தங்களுக்கு அந்நியமானது என்று எண்ணாதீர்கள். பால்மரத்தின் அடியும் ஒரு வட்டமே. புதிய வெட்டுப் பட்டையைக் குறிக்கும்போது என்ன செய்கிறோம்? கயிற்றால் மரத்தைச் சுற்றி அளந்து, அக்கயிற்றை இரண்டாக மடித்து, அரைச் சுற்றைக் குறிக்கிறோம். ஐம்பது செண்டிமீட்டர் சுற்றளவென்றால் அரைச் சுற்று இருபத்தைந்து செண்டிமீட்டர். மற்றப் பாதி பின்னாளுக்கு. அரைச்சுற்று வெட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதை ரப்பர் ஆய்வாளர்கள் இரண்டு பின்னங்களைப் போலவே குறித்து எழுதுவார்கள். தாங்கள் உளியால் எழுதிவரும் பின்னத்தையே பிள்ளை பென்சிலால் தீட்டுகிறது.

பால் நிறுக்கும் இடத்திலும் இதுவே. இருபது கிலோ பால் கொண்டுவந்தீர்கள். அதில் உலர்ந்த ரப்பர் நூற்றுக்கு முப்பத்தைந்து எனச் சோதனை காட்டுகிறது. ரப்பர் ஏழு கிலோ. பிள்ளையின் பிழையை இங்கே செய்து பாருங்கள்: நூறை விட்டுவிட்டு, எஞ்சிய அறுபத்தைந்தோடு முப்பத்தைந்தை ஒப்பிட்டால், பத்துக் கிலோவுக்கும் மேல் ரப்பர் உண்டென்று தோன்றும். பின்பு சீட்டைப் பார்த்து மனம் குமுறுவோம். உண்மையிலேயே சீட்டில் குறை இருந்தால் அதைக் கண்டறிந்து கேட்கவும் இந்தக் கணக்கே துணை.

சிறுதோட்டங்களில் பங்குக்கு வெட்டுவோர், 'வெட்டுபவருக்கு மூன்று, உடையவருக்கு இரண்டு' எனப் பேசிக்கொள்வதுண்டு. வெட்டுபவரின் பின்னம் என்ன? 'இரண்டில் மூன்று' என்று ஒரு பிள்ளை எழுதினால், நூறு வெள்ளி வருமானத்தில் நூற்றைம்பது வெள்ளி அவருக்குப் போகவேண்டும்! ஐந்தில் மூன்று என்றால் அறுபது வெள்ளி. மூன்றுக்கு இரண்டு என்பது விகிதம். ஐந்தில் மூன்று என்பது பின்னம். இவ்வேறுபாட்டை வீட்டிலேயே விளக்கலாம்.

மொழியாலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் 'நான்கில் மூன்று' என்கிறோம். முழுமையை முதலில் சொல்லிப் பங்கைப் பின்னர் சொல்கிறோம். மலாயில் 'தீகா பெரெம்பாட்' என்பர். அங்கே பங்கு முதலில் வருகிறது. எழுதும்போதும் மேலெண்ணே முதலில் கண்ணில் படும். இடைநிலைப்பள்ளியில் மலாய்வழிக் கணிதத்துக்குச் செல்லும் பிள்ளை இவ்விரண்டையும் மயங்கித் தலைகீழாக எழுத இடமுண்டு. எம் கருத்தில், தமிழ் முறையே வட்டத்தை விளக்க ஏற்றது: முதலில் மொத்தத்தை எண்ணச் சொல்கிறது, பிறகே கருமையை. மேற்சொன்ன முதற்பிழைக்கு நம் மொழியே மருந்து வைத்திருக்கிறது. நம் முன்னோர் அரை, கால், அரைக்கால், மாகாணி என ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப்பெயர் வைத்து, முந்திரி என முந்நூற்றிருபதில் ஒரு பங்குக்கும் பெயரிட்டார்கள். முந்திரி இன்று கடையில்தான் நினைவுக்கு வருகிறது. அரையும் காலும் முக்காலும் மட்டும் நம் நாவில் நிலைத்தன.

வீட்டில் செய்யத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. பால்மாவு டின் மூடியைத் தாளில் வைத்து வட்டம் வரைந்து வெட்டுங்கள். இரண்டு, நான்கு, எட்டுப் பாகம் வேண்டுமாயின் தாளை மடித்தாலே போதும். மூன்றுக்கும் ஐந்துக்கும் தாள் மடங்காது. அங்கேதான் தங்கள் கயிறு உதவும். மூடியைச் சுற்றி நூலால் அளந்து, அந்நூலை மூன்றாகவோ ஐந்தாகவோ மடித்து, மடிப்பு வரும் இடங்களில் மையால் புள்ளியிட்டு, மீண்டும் மூடியில் சுற்றிப் புள்ளிகளை வட்டத்தின் ஓரத்துக்கு மாற்றுங்கள். நடுப்புள்ளியோடு அவற்றைச் சேர்த்துக் கோடிழுத்தால் சமபாகங்கள் கிடைக்கும். நடுப்புள்ளியை முதலிலேயே தாளை இருமுறை மடித்துக் கண்டுகொள்க. பிள்ளையைக் கருமையாக்கச் சொல்லுமுன், "மொத்தம் எத்தனை?" என்று ஒருமுறை கேளுங்கள். பருத்தி நூலையே பயன்படுத்துங்கள். நைலான் நூல் மடிப்பில் நில்லாது.