நாணயம் சேர்ப்போரின் தேவைப் பட்டியல்

நாணயம் சேர்ப்போர் தம்மிடம் உள்ளவற்றை எண்ணி மகிழ்வது இயல்பு. தம்மிடம் இல்லாதவற்றை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஆயினும், பெட்டியிற் குவிந்து கிடக்கும் காசுகளை ஒரு நாட்டின் வரலாறாக ஆக்குவது அந்த இரண்டாவது எண்ணிக்கையே. அதனை எழுத்திற் குறித்து வைப்பதே தேவைப் பட்டியல்.

பட்டியல் எழுதப் புகுவோர் முதலில் எல்லை வகுத்துக்கொள்ளல் வேண்டும். இலங்கை நாணயம் என்று மட்டும் எழுதினால், பொலநறுவை மன்னரின் செப்புக் காசும், 'சேது' என்ற சொற் பொறித்த யாழ்ப்பாண மன்னர் காசும், ஒல்லாந்தர் காசும் அதனுள் அடங்கிவிடும். மன்னர் காசுகளில் ஆண்டு இல்லை. அவற்றை வகைப்படுத்த நீண்ட பயிற்சி வேண்டும். கொட்றிங்ரன் என்பார் இலங்கை நாணயங்களைப் பற்றி எழுதி 1924 இல் வெளிவந்த நூல் அப்பயிற்சிக்குத் துணையாகும். புதிதாகத் தொடங்குவோருக்கு ரூபா சதக் கணக்கு வந்த காலமே ஏற்றது. அக்கணக்கு 1872 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் முதற் செப்புக் காசுகளோ 1870 என்னும் ஆண்டைத் தாங்கியவை.

அடுத்ததாக, ஆண்டுக்கு ஒன்று வேண்டுமா, வகைக்கு ஒன்று போதுமா என்பதைத் தீர்மானித்தல் வேண்டும். கைப்பணம் குறைந்த மாணவருக்கு வகைக்கு ஒன்றே தக்கது. உலோகம், வடிவம், தலையுருவம், பொறித்த எழுத்து ஆகியவற்றுள் ஒன்று மாறினும் அது வேறு வகை. ஐம்பது சதத்தை நோக்குக. 1942 இல் அது வெள்ளி. போர் முடியுமுன்னரே, 1943 இல், நிக்கல் பித்தளை. அக்காசில் ஆறாம் ஜோர்ஜ் 'இந்தியச் சக்கரவர்த்தி' எனவும் குறிக்கப்பட்டார். இந்தியா 1947 இல் விடுதலை பெற்ற பின்னர் அப்பட்டம் நீங்கிற்று; 1951 ஆம் ஆண்டுக் காசில் அவர் மன்னர் மட்டுமே. 1963 இல் முடியரசின் தலையே மறைந்து, இலங்கையின் அரச இலச்சினை அவ்விடத்தைப் பெற்றது. பட்டியலில் இவை நான்கு வரிகள். அந்நான்கு வரிகளுள் ஒரு பெரும் போரும் ஒரு பேரரசின் ஒடுக்கமும் அடங்கியுள்ளன.

இல்லாத பொருளைத் தேடி அலையாமற் காப்பதும் பட்டியலின் பயனே. எலிசபெத் அரசியார் 1952 இல் அரியணை ஏறினார். ஆகவே, எல்லாப் பெறுமதிகளிலும் அவருடைய உருவம் இருக்கும் எனத் தொடக்கத்தார் எண்ணக்கூடும். இலங்கைக் காசுகளில் அவர் உருவம் இரண்டு சதத்தில் மாத்திரமே, 1955, 1957 என்னும் இரு ஆண்டுகளுக்கே வெளிவந்தது. இதனை அறியாது வெற்றிடம் வரைந்தவர் அதனை ஒருபோதும் நிரப்பார். அல்லது பொய்க்காசு கொடுத்து ஏமாற்றப்படுவார். எனவே, உண்மையில் அச்சிடப்பட்டதா என நூல்களில் ஒப்புநோக்கிய பின்னரே ஒரு வரியை எழுதல் வேண்டும்.

பட்டியலைச் சிறு கொப்பி ஒன்றிற் பென்சிலால் எழுதுதல் நன்று. பெறுமதி, ஆண்டு, உலோகம், வகை, கிடைத்த காசின் நிலை என ஐந்து நிரல்கள் போதும். தேய்ந்த காசு கிடைப்பின் அந்த வரியை முற்றாக அழிக்காது, 'நல்லது வேண்டும்' எனக் குறித்து வைக்கலாம். ஒன்றைமட்டும் மறத்தலாகாது: காசைப் புளியிட்டுத் துலக்கினால் அதன் பழமையும் மதிப்பும் ஒருங்கே அழியும்.

கொப்பி எப்போதும் கையில் இருத்தல் வேண்டும். புத்தர் பரிநிருவாணத்தின் 2500 ஆம் ஆண்டு நிறைவைக் குறித்து 1957 இல் வெளியிடப்பட்ட ஐந்து ரூபா வெள்ளியாலானது. அத்தகைய காசு பொற்கொல்லரின் மூசையிற் புகுந்தால் மீளாது. அதற்குமுன் அதனைக் கண்டு, வெள்ளியின் விலைக்கு மேலான ஒரு பெறுமதி அதற்குண்டு என்று சொல்லக்கூடியவர், தமக்கு இன்னது இல்லை என்பதை அறிந்தவரே. தம் குறையை இவ்வாறு அறிந்திருப்பவரே ஒரு நாட்டின் நாணயங்களை உண்மையிற் சேர்ப்பவர்.